கத்தரிக்கு எட்டாத குரல்

உரிமைக் குரல்கள் – 9

பால் ரோப்சனின் கடவுச்சீட்டை 1950இல் அமெரிக்க அரசு பறித்ததையும், கடல் கடந்து பாட முடியாமல் அந்த மாபெரும் கலைஞர் எட்டு ஆண்டுகள் சொந்த நாட்டுக்குள்ளேயே முடக்கப்பட்டதையும் சென்ற இதழில் பார்த்தோம். அதே 1950ஆம் ஆண்டு ஜூன் மாதம் நியூயார்க்கில் ‘ரெட் சேனல்ஸ்’ என்றொரு சிறு வெளியீடு வந்தது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பணியாற்றுபவர்களில் கம்யூனிஸ்ட் சார்புடையவர்கள் என்று அதை வெளியிட்டவர்கள் கருதிய 151 பேரின் பெயர்கள் அதில் இருந்தன. ஹாலிவுட்டின் பேரழகிகளில் ஒருவராகக் கொண்டாடப்பட்ட ஒரு பாடகியின் பெயரும் இருந்தது: லீனா ஹார்ன்.

ரோப்சனின் நண்பர், அவர் நடத்திய அமைப்புகளுக்குத் துணைநின்றவர். லீனாமீது சந்தேகம் விழ இவ்வளவு போதுமானதாக இருந்தது. ஆனால் லீனாவை அகற்றும் வேலை அந்தப் பட்டியலில் தொடங்கவில்லை. எட்டு ஆண்டுகளாகவே அவர் நடித்த படங்களில், வேண்டாத ஊரில் வெட்டி எறிவதற்கு வசதியாகத்தான் அவருடைய காட்சிகளைப் படமாக்கிவந்தார்கள். உள்ளே வரலாம், ஆனால் தனியாக வரவேண்டும், தேவைப்பட்டால் தடயமில்லாமல் நீக்கப்பட இடம்கொடுக்க வேண்டும். வெள்ளை அமெரிக்கா அவருக்கு விதித்த நிபந்தனை இது. அதை அவர் எப்படி மீறினார் என்பதே இந்த அத்தியாயம்.

இரண்டு வயது உறுப்பினர்

நியூயார்க்கின் புரூக்ளினில் 1917 ஜூன் 30 அன்று லீனா பிறந்தார். ஹார்ன் குடும்பம் படித்த, ஓரளவு வசதியான கறுப்பினக் குடும்பம். அடிமை முறை ஒழிந்து ஐம்பது ஆண்டுகளே கடந்திருந்த அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட குடும்பங்கள் மிகச் சில. வீட்டின் அச்சாணி, அப்பாவைப் பெற்ற பாட்டி கோரா கல்ஹூன் ஹார்ன். அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் படித்தவர். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர். கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தில் தொடக்க காலத்திலேயே சேர்ந்து உழைத்தவர்.

அந்தப் பாட்டி பேத்தியையும் சங்கத்தில் சேர்த்துவிட்டார். 1919 அக்டோபரில் வந்த சங்கத்தின் கிளைச் செய்தி இதழ், இரண்டு வயது லீனாவின் படத்தை மிக இளைய உறுப்பினர்களில் ஒருவர் என்று வெளியிட்டது. அந்த ஆண்டு கோடையில் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் வெள்ளையர் கும்பல்கள் கறுப்பினக் குடியிருப்புகளைத் தாக்கியிருந்தன. வரலாறு அதைச் ‘செங்கோடை’ என்று குறித்துவைத்திருக்கிறது. அந்த நேரத்தில் கைக்குழந்தைகளின் பெயரைக்கூட உறுப்பினர் பட்டியலில் எழுதியவர்கள், போராட்டம் ஒரு தலைமுறையில் முடியப்போவதில்லை என்று அறிந்தவர்கள்.

தந்தை எட்வின் ‘டெடி’ ஹார்ன் சூதாட்டத் தொழிலில் இருந்தவர். லீனாவுக்கு மூன்று வயதானபோது குடும்பத்தை விட்டுப் போனார். தாய் எட்னாவுக்கு நடிகையாகும் கனவு. ஊர் ஊராக அலைந்த நாடகக் குழுக்களோடு அவர் போனார். லீனா சில காலம் பாட்டியிடம், சில காலம் தென் மாநிலங்களில் தாயோடு, சில காலம் பழக்கமில்லாத வீடுகளில் என்று வளர்ந்தார். ஜார்ஜியாவின் ஃபோர்ட் வேலியில் ஒரு கறுப்பினக் கல்வி நிலையத்தில் பணியாற்றிய சித்தப்பா ஃபிராங்க் ஹார்ன் வீட்டிலும் இருந்தார். தென்னகத்தின் பயத்தைச் சிறுமியாகவே நேரில் கண்டார்.

மேடையில் கறுப்பர், நாற்காலியில் வெள்ளையர்

1930களின் பொருளாதாரப் பெருமந்தம் வீட்டைப் பதம்பார்த்தது. தாய்க்கு உடல்நலமில்லை. பதினாறு வயதில் லீனா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு 1933இல் ஹார்லெமின் ‘காட்டன் கிளப்’பில் குழு நடனப் பெண்ணாகச் சேர்ந்தார். சம்பளம் வாரம் 25 டாலர்.

கறுப்பர்கள் வாழும் ஹார்லெமின் நடுவில் இருந்த அந்தக் கிளப்பின் உரிமையாளர் ஓனி மேடன் என்ற கள்ளச்சாராய தாதா. டியூக் எலிங்டன், கேப் கேலோவே போன்ற மேதைகள் வாசித்த அரங்கு அது. பாடுபவர், ஆடுபவர், பரிமாறுபவர் எல்லோரும் கறுப்பர்கள். அமர்ந்து ரசிப்பவர்கள் மட்டும் வெள்ளையர்கள். மேடையில் ஆடும் பெண்ணின் பெற்றோர்கூட வாடிக்கையாளராக உள்ளே நுழைந்துவிட முடியாது. குழு நடனப் பெண்களிலும் வெளிர்நிறமுள்ளவர்களையே தேர்ந்தெடுத்தார்கள். லீனாவுக்கு இன்னும் நல்ல வாய்ப்புத் தரவேண்டும் என்று கேட்கப்போன மாற்றாந்தந்தையைக் கிளப்பின் அடியாட்கள் அடித்து அவமானப்படுத்தினார்கள். குடும்பம் அங்கிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறியது. லீனா நோபிள் சிஸலின் இசைக்குழுவில் பாடகியானார்.

1937இல் பிட்ஸ்பர்க்கில் லூயிஸ் ஜோன்ஸ் என்பவரை மணந்தார். கெயில், டெடி என்று இரண்டு குழந்தைகள். மணவாழ்க்கை நிலைக்கவில்லை. 1940இல் மீண்டும் நியூயார்க்குக்கு வந்து, வெள்ளையரான சார்லி பார்னெட்டின் இசைக்குழுவில் சேர்ந்தார். வெள்ளையர் குழுவில் ஒரு கறுப்பினப் பாடகி நிரந்தரமாகப் பாடுவது அன்று அபூர்வம். குழுவினர் தங்கிய பல ஓட்டல்கள் அவரை மட்டும் உள்ளே விட மறுத்தன.

கஃபே சொசைட்டி

1941இல் கிரீனிச் வில்லேஜில் இருந்த ‘கஃபே சொசைட்டி’ அவரை அழைத்தது. அதன் உரிமையாளர் பார்னி ஜோசப்சன், மேடையிலும் பார்வையாளர் வரிசையிலும் நிறம் பார்க்காத இரவு விடுதியாக அதை 1938இல் தொடங்கியிருந்தார். கறுப்பர்களைக் கும்பலாக அடித்து மரத்தில் தொங்கவிடும் கொடுமையைச் சொல்லும் பாடலை பில்லி ஹாலிடே 1939இல் பாடத் தொடங்கியது அந்த மேடையில்தான்.

லீனா தன் பாட்டியின் அருமையை அங்கேதான் புதிதாக உணர்ந்தார். பாடல் கேட்க வந்த ரோப்சன், கோரா ஹார்னை நன்கு அறிந்தவர். அந்த வீட்டின் பேத்தி எந்த மரபிலிருந்து வருகிறார் என்பதை எடுத்துச்சொன்னார். பாட்டி உழைத்த தேசியச் சங்கத்தின் நிர்வாகச் செயலாளர் வால்டர் ஒயிட்டின் நட்பும் கிடைத்தது. பிழைப்புக்காகப் பாடவந்த பெண்ணுக்குத் தன் பாட்டு யாருக்காக என்ற கேள்வி அந்த மாதங்களில் பிறந்தது.

சில மாதங்களில் ஹாலிவுட் அழைத்தது. 1942இல் எம்.ஜி.எம். நிறுவனம் ஏழாண்டு ஒப்பந்தம் தர முன்வந்தது. அன்று கறுப்பின நடிகைக்குத் திரையில் கிடைத்த வேடங்கள் இரண்டு: வேலைக்காரி அல்லது காட்டுவாசி. பேச்சுவார்த்தைக்கு லீனாவின் தந்தை டெடி ஹார்னே வந்தார். என் மகளுக்குப் பணிப்பெண் வைத்துக்கொடுக்க என்னால் முடியும், அவள் ஏன் பணிப்பெண்ணாக நடிக்கவேண்டும் என்ற பொருளில் லூயி பி. மேயரிடம் பேசினார். ஹாலிவுட்டின் உச்சத்தில் இருந்த முதலாளியிடம் ஒரு கறுப்பினத் தந்தை அப்படிப் பேசியதை மகள் கடைசிவரை பெருமையோடு சொன்னார். வால்டர் ஒயிட்டின் வற்புறுத்தலும் சேர்ந்தது. பணிப்பெண் வேடம் இல்லை என்பது முடிவானது.

எதிர்ப்பு, எதிர்பாராத இடத்திலிருந்தும் வந்தது. வேலைக்காரி வேடங்களில் நடித்து வயிறு வளர்த்த கறுப்பின நடிகர்கள் சிலர், இந்தப் பெண்ணால் எங்கள் பிழைப்பு போய்விடும் என்று கூட்டம் போட்டுக் கண்டித்தார்கள். அவர்களை எப்படிக் குறை சொல்வது? ஒரு கதவுதான் திறந்திருந்தது, அதுவும் சமையலறைக் கதவு. ஆஸ்கர் வென்ற முதல் கறுப்பின நடிகையான ஹாட்டி மெக்டேனியல், வேலைக்காரி வேடத்துக்காகவே அந்தப் பரிசைப் பெற்றவர். அவர் லீனாவைத் தன் வீட்டுக்கு அழைத்து, இருவர் பாதையும் வேறு வேறு, உன் வழியில் நீ போ என்று தேற்றி அனுப்பினார்.

தூணோரத்தில் ஒரு பாட்டு

வேலைக்காரி வேடம் தரமாட்டோம் என்று ஒப்புக்கொண்ட ஸ்டுடியோவுக்கு வேறு என்ன வேடம் தருவது என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் விருப்பமும் இல்லை. 1943இல் மட்டும், முழுக்கக் கறுப்பின நடிகர்களே நடித்த இரண்டு படங்களில் அவருக்குப் பெரிய வேடங்கள் கிடைத்தன. ஒன்று, எதெல் வாட்டர்ஸோடு நடித்த ‘கேபின் இன் தி ஸ்கை’. மற்றொன்று, இருபதாம் நூற்றாண்டு ஃபாக்ஸ் நிறுவனத்துக்காக நடித்த ‘ஸ்டார்மி வெதர்’. இரண்டாவது படத்தின் தலைப்புப் பாடல் அதன்பின் வாழ்நாள் முழுவதும் அவருடைய அடையாளமானது. பத்தாண்டுக்கு முன் அதே பாடலைக் காட்டன் கிளப் மேடையில் முதலில் பாடிப் புகழ்பெறச் செய்தவர் எதெல் வாட்டர்ஸ்.

மற்றப் படங்களில் நடந்தது வேறு. கதை ஓடிக்கொண்டிருக்கும். விருந்தோ இரவு விடுதியோ வரும். அழகிய உடையில் லீனா தோன்றுவார், ஒரு தூணில் சாய்ந்து நின்று பாடுவார், மறைவார். கதாநாயகனோடு ஒரு வசனம் கிடையாது. கதையில் அவருக்கு ஒரு பெயர்கூடப் பெரும்பாலும் கிடையாது. காரணம் தொழில்நுட்பமும் வியாபாரமும் கலந்தது. கதையோடு ஒட்டாத பாடல் காட்சியைப் படச்சுருளிலிருந்து வெட்டியெடுத்து இரு முனைகளையும் ஒட்டிவிட்டால் படம் குறையில்லாமல் ஓடும். கறுப்பினப் பெண்ணை வேலைக்காரியாக இல்லாமல் கண்ணியமாகக் காட்டும் காட்சியைத் தென் மாநிலத் தியேட்டர்கள் ஏற்காது. டென்னசியின் மெம்ஃபிஸ் நகரத் தணிக்கைத் தலைவர் லாயிட் பின்ஃபோர்ட் இப்படி வெட்டுவதில் பேர்போனவர். லீனாவின் காட்சிகளும் அவர் கத்தரிக்குத் தப்பவில்லை.

அவருடைய நிறமே ஸ்டுடியோவுக்குச் சிக்கலாக இருந்தது. வெளிர்நிறமான அவரை ரசிகர்கள் வெள்ளைக்காரி என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக, ‘லைட் ஈஜிப்ஷியன்’ என்ற பெயரில் ஒரு ஒப்பனைப் பூச்சை மேக்ஸ் ஃபாக்டர் நிறுவனம் தயாரித்தது. லீனாவுக்காக உருவான அந்தப் பூச்சைப் பிறகு வெள்ளை நடிகைகளுக்குப் பூசி, லீனாவுக்குக் கிடைத்திருக்கவேண்டிய கலப்பின வேடங்களை அவர்களுக்குக் கொடுத்தார்கள். மிகக் கசப்பானது ‘ஷோ போட்’ கதை. கலப்பினத்தவள் என்பதை மறைத்து வாழும் ஜூலி என்ற பாடகியின் பாத்திரம், லீனாவுக்கென்றே எழுதியது போன்றது. 1946இல் வந்த ‘டில் தி க்ளவுட்ஸ் ரோல் பை’ படத்தில் அந்த நாடகத்தின் ஒரு பகுதி இடம்பெற்றபோது அவர்தான் ஜூலியாகப் பாடினார். 1951இல் முழுப்படமாக எடுத்தபோது அந்த வேடம் அவருடைய தோழி ஏவா கார்ட்னருக்குப் போனது. இனக்கலப்புக் காதலைத் திரையில் காட்டக் கூடாது என்ற ஹாலிவுட் விதி அன்று நடைமுறையில் இருந்தது.

ராணுவ முகாமில்

இரண்டாம் உலகப் போரில் கறுப்பின வீரர்கள் தனிப் படைப்பிரிவுகளில் வைக்கப்பட்டிருந்தார்கள். நாஜி இனவெறியை எதிர்த்துப் போருக்குப் போன ராணுவமே நிறத்தால் பிரிந்திருந்தது. வெள்ளை வீரர்களின் அலமாரிக் கதவுகளில் ஒட்டுவதற்கு எத்தனையோ நட்சத்திரங்களின் படங்கள் இருந்தன. கறுப்பின வீரர்கள் லீனாவின் படத்தை ஒட்டிக்கொண்டார்கள். டஸ்கீகியில் பயிற்சி பெற்ற கறுப்பின விமானிகளை அவர் போய்ச் சந்தித்தார். முகாம் முகாமாகப் பாடினார்.

ஒரு தென்னக முகாமில் முதல் நாள் வெள்ளை அதிகாரிகளுக்குப் பாடினார். மறுநாள் கறுப்பின வீரர்களுக்கு. மேடையேறிப் பார்த்தால் முன்வரிசைகளில் வெள்ளையர்கள். யார் இவர்கள் என்று கேட்டார். சிறைபிடிக்கப்பட்ட ஜெர்மானிய வீரர்கள் என்றார்கள். அமெரிக்கச் சீருடை அணிந்த கறுப்பின வீரர்கள் அவர்களுக்குப் பின்னால். எதிரி நாட்டுக் கைதிக்கு முன்னிருக்கை, சொந்த நாட்டுச் சிப்பாய்க்குப் பின்னிருக்கை. லீனா மேடையிலிருந்து இறங்கினார். கைதிகளைக் கடந்து நடந்துபோய், அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றபடி, தன் மக்களைப் பார்த்துப் பாடினார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ராணுவக் கலைநிகழ்ச்சிச் சுற்றிலிருந்து விலக நேர்ந்தது. கைப்பணத்தைச் செலவழித்து முகாம்களுக்குப் போனார்.

தனியாக நிற்கவைக்கப்பட்டவர் தானே நடந்துபோய்த் தன் கூட்டத்தோடு சேர்ந்துகொண்ட தருணம் அது. அவருடைய பிற்கால அரசியல் முழுவதும் அந்த நடையின் தொடர்ச்சி.

பட்டியலும் ஒரு கடிதமும்

1947 டிசம்பரில், எம்.ஜி.எம். இசையமைப்பாளர் லெனி ஹேட்டனை லீனா பாரிஸில் மணந்தார். ஹேட்டன் வெள்ளையர். கலிபோர்னியா சட்டம் அன்று அத்தகைய திருமணத்தைத் தடைசெய்திருந்தது. அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது 1948இல்தான். இருந்தும் 1950வரை அவர்கள் திருமணத்தை வெளியே சொல்லவில்லை. சொன்னபோது மிரட்டல் கடிதங்கள் குவிந்தன. கறுப்பின மக்களிலும் சிலர் நம்மை விட்டுப் போய்விட்டாளே என்று வருந்தினார்கள்.

அதே ஆண்டு ‘ரெட் சேனல்ஸ்’. வானொலி, தொலைக்காட்சி, திரைப்பட வாய்ப்புகள் சுருங்கின. இரவு விடுதி மேடைகளே சோறு போட்டன. 1953இல், ஹாலிவுட் தொழிற்சங்கத் தலைவரும் கம்யூனிச எதிர்ப்பில் முன்னின்றவருமான ராய் புரூவருக்கு, தான் கம்யூனிஸ்ட் இல்லை என்று விளக்கி லீனா நீண்ட கடிதம் எழுதினார். ரோப்சன் அடங்க மறுத்து எல்லாவற்றையும் இழந்தார், லீனா விளக்கம் எழுதி மேடையைக் காப்பாற்றிக்கொண்டார் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சிலர் தீர்ப்புச் சொல்வார்கள். இந்தத் தொடரில் அந்தக் கடிதத்தை மறைக்க நான் விரும்பவில்லை. ஒரு மக்களின் பெருமிதமான நட்சத்திரத்தை, தன் விசுவாசத்தை மெய்ப்பித்துக் கடிதம் எழுதும் நிலைக்குத் தள்ளிய அரசியலின் கொடுமைக்கு அது சாட்சி. அந்தக் காயம் அவரை முடக்கிப்போடவில்லை என்பதை அடுத்த பத்தாண்டு காட்டியது.

மேடை அவரைக் கைவிடவில்லை. 1957இல் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் நேரடியாகப் பதிவுசெய்த இசைத்தட்டு பெரும் விற்பனை கண்டது. அதே ஆண்டு பிராட்வேயில் ‘ஜமைக்கா’ என்ற இசை நாடகத்தில் கதாநாயகியாக நடித்து, டோனி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.

1963

1960 பிப்ரவரி முதல் நாள், வடக்குக் கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டுமான உணவு மேசையில் அமர்ந்து எழ மறுத்தார்கள். அதே மாதம் பெவர்லி ஹில்ஸ் உணவகம் ஒன்றில், பக்கத்து மேசைக்காரன் நிறத்தைச் சொல்லி இழிவாகப் பேசியது லீனாவின் காதில் விழுந்தது. கையில் கிடைத்த விளக்கு, கண்ணாடிக் கோப்பை, சாம்பல் கிண்ணம் எல்லாவற்றையும் அவன்மீது வீசினார். செய்தி பத்திரிகைகளில் வந்ததும் நாடு முழுவதிலிருந்தும் கறுப்பின மக்களின் பாராட்டுத் தந்திகள் வந்தன. மக்கள் தன்னை விட்டு விலகிவிடவில்லை என்று அவருக்கு அவை உணர்த்தின.

1963 மே 24 அன்று அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி நியூயார்க்கில் எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினையும் அவர் அழைத்துவந்த குழுவையும் சந்தித்தார். லோரெய்ன் ஹான்ஸ்பெரி, ஹாரி பெலஃபான்டே, உளவியலாளர் கென்னத் கிளார்க் ஆகியோரோடு லீனாவும் இருந்தார். அந்த அறையில் கனல் மூட்டியவர் பிரபலங்களில் ஒருவரல்லர், ஜெரோம் ஸ்மித் என்ற இளைஞர். தென்னகப் பேருந்துப் போராட்டத்தில் அடிபட்டு உடல் நொறுங்கியவர். இந்த நாட்டுக்காகத் துப்பாக்கி ஏந்தமாட்டேன் என்று அவர் சொன்னபோது கென்னடி அதிர்ந்தார். லீனாவையும் மற்றவர்களையும் அந்த இளைஞரின் வலியே தலைமைதாங்கி நடத்தியது.

இரண்டே வாரத்தில் லீனா மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் இருந்தார். சங்கத்தின் களச் செயலாளர் மெட்கர் எவர்ஸ் அங்கே போராட்டத்தை நடத்திவந்தார். சில நாட்களுக்கு முன்தான் அவர் வீட்டின்மீது பெட்ரோல் குண்டு வீசப்பட்டிருந்தது. ஜூன் 7 கூட்டத்தில், டியூக் எலிங்டனின் இசைத் துணைவரும் லீனாவின் உயிர் நண்பருமான பில்லி ஸ்ட்ரேஹார்னோடு சென்று பாடினார். ஜூன் 12 அதிகாலையில் எவர்ஸ் தன் வீட்டு வாசலில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டன் பேரணி. இரண்டரை லட்சம் பேர் திரண்ட அந்த மேடையில் லீனா சொன்னது ஒரே சொல்: விடுதலை. அன்று பெண்களுக்குப் பேச்சு வாய்ப்பு மிகக் குறைவு. மான்ட்கோமரி பேருந்துப் போராட்டத்துக்கு வித்திட்ட ரோசா பார்க்ஸை லீனா வெளிநாட்டு நிருபர்களிடம் அழைத்துப்போய், இந்த இயக்கத்தைத் தொடங்கியவர் இவர்தான் என்று அறிமுகப்படுத்தியதாகவும், சற்று நேரத்தில் தங்களை ஓட்டலுக்குத் திருப்பி அனுப்பிவிட்டதாகவும் மேரிலாந்துப் போராளி க்ளோரியா ரிச்சர்ட்சன் பின்னாளில் சொன்னார். புகைப்படக்காரர்கள் தன்னைத் தேடி வருவார்கள் என்று லீனாவுக்குத் தெரியும். அந்த வெளிச்சத்தை, ஒதுக்கப்பட்ட இன்னொரு பெண்ணின் பக்கம் திருப்பினார்.

அந்த ஆண்டின் இறுதியில் ‘நவ்!’ என்ற பாடலைப் பதிவு செய்தார். யூதர்களின் கொண்டாட்டப் பாடலான ‘ஹவா நகிலா’வின் மெட்டில், உரிமையை இப்போதே கொடு என்று கேட்கும் பாட்டு. சில வானொலி நிலையங்கள் அதை ஒலிபரப்ப மறுத்தன. கியூப இயக்குநர் சந்தியாகோ அல்வாரெஸ் 1965இல், அமெரிக்கக் காவல்துறை கறுப்பின மக்களைத் தாக்கும் படங்களை அந்தப் பாடலின் தாளத்துக்கு அடுக்கி, அதே தலைப்பில் ஒரு குறும்படம் செய்தார். உலகக் குறும்பட வரலாற்றில் அது இன்றும் பேசப்படுகிறது. லீனாவின் குரலை நீக்கிவிட்டால் அந்தப் படமே இல்லை.

துயரமும் திரும்பி வருதலும்

1970இல் தந்தை இறந்தார். அதே ஆண்டு மகன் டெடி சிறுநீரக நோயால் மறைந்தார். 1971இல் கணவர் ஹேட்டன். ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்த இந்த மரணங்கள் அவரை வீட்டுக்குள் ஒடுக்கின. எழுந்துவரச் சில ஆண்டுகள் ஆயின.

1981 மே மாதம் பிராட்வேயில் ‘லீனா ஹார்ன்: தி லேடி அண்ட் ஹெர் மியூசிக்’ தொடங்கியது. வயது 63. மேடையில் அவர் ஒருவரே நாயகி. காட்டன் கிளப்பையும் ஹாலிவுட்டையும் பற்றிப் பேசினார், பாடினார். ‘ஸ்டார்மி வெதர்’ பாடலை ஒரே நிகழ்ச்சியில் இரண்டு முறை பாடினார்: முதலில் ஹாலிவுட்டுக்குப் பிடித்த இளம்பெண்ணின் இனிமையோடு, பிறகு இத்தனையும் கடந்துவந்த பெண்ணின் அடிவயிற்றுக் குரலில். 333 காட்சிகள் நடந்தன. சிறப்பு டோனி விருது வந்தது. 1983இல் கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கம் தன் உயரிய ஸ்பிங்கார்ன் பதக்கத்தை வழங்கியது. 2010 மே 9 அன்று, 92 வயதில் நியூயார்க்கில் காலமானார். 2022இல் பிராட்வேயின் ஓர் அரங்குக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. ஒரு கறுப்பினப் பெண்ணின் பெயரைத் தாங்கிய முதல் பிராட்வே அரங்கு அது.

ஒடுக்கப்பட்ட மக்களில் ஒருவரை மட்டும் பொறுக்கியெடுத்து மேடையேற்றி, பார், நாங்கள் நியாயமானவர்கள் என்று சொல்லிக்கொள்வது ஆதிக்கத்தின் பழைய உத்தி. அப்படிப் பொறுக்கியெடுக்கப்பட்டவர் அந்தச் சலுகையில் சுகமாக வாழ்ந்துவிட முடியும். பலர் வாழ்ந்தார்கள். லீனாவும் வாழ்ந்திருக்கலாம். அழகு இருந்தது, பணம் இருந்தது, நிறம்கூட ஓரளவு உதவியிருக்கும். அவர் கிடைத்த ஒவ்வொரு மேடையையும், எந்த மக்களிடமிருந்து தன்னை விலக்கிவைத்தார்களோ அவர்களிடமே திரும்பிப் போகும் வழியாக ஆக்கிக்கொண்டார். தடுமாறியதுண்டு, காலம் தாழ்த்தியதுண்டு, ஒரு கட்டத்தில் விளக்கக் கடிதம் எழுதியதுமுண்டு. ஆனால் போராட்டம் அழைத்தபோதெல்லாம் போனார். அவரை ஒரு விதிவிலக்காகக் காட்ட நினைத்தவர்களுக்கு அவர் கொடுத்த பதில் அதுதான்.

ஜாக்சன் நகரில் அவரை வரவேற்ற மெட்கர் எவர்ஸுக்கு அப்போது 37 வயது. நார்மண்டியில் போரிட்டுத் திரும்பிய அந்த வீரருக்குச் சொந்த ஊர் வாக்குச்சாவடி எப்படிக் கதவடைத்தது, அவரைக் கொன்றவனைத் தண்டிக்க ஏன் 31 ஆண்டுகள் ஆயின என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)